தாத்தா பெயரில் பட்டா, பேரன் கையில் மண்வெட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைக் கிராமம் என்றாலே சாலை இல்லாத ஊர், டோலி கட்டித் தூக்கி வரப்பட்ட நோயாளி, ஆசிரியர் வராத பள்ளி என்று செய்தி வருகிறது. வர வேண்டிய செய்திகள்தான். ஆனால் கொல்லிமலையில் வீட்டுக்கு வீடு புகைந்துகொண்டிருக்கும் இன்னொரு பிரச்சினை வெளியே தெரிவதே இல்லை. நிலம் இருக்கிறது, அதில் பாடுபட ஆளும் இருக்கிறது, பட்டாவில் மட்டும் உயிரோடு இருப்பவர் பெயர் இல்லை.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்து, எந்த நாட்டில் வேண்டுமானாலும் (வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்றுதான் இங்கே ஊர்த் தொகுதிகளுக்குப் பெயர்) ஒரு சிட்டாவை, அதாவது நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவை, எடுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக இப்படி இருக்கும்: புல எண் 112, உட்பிரிவு 3. புன்செய். பரப்பு 1 ஹெக்டேர் 62 ஏர், அதாவது 4 ஏக்கர். உரிமையாளர் இடத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூவரும் போய்ச் சேர்ந்து முப்பது நாற்பது வருடம் ஆகியிருக்கும். அவர்களுக்குப் பிறந்த ஏழு பேரில் ஐந்து பேரும் இல்லை. இன்றைக்கு அந்த 4 ஏக்கரில் அடுப்பு எரிவது 11 வீட்டில். அந்த 11 வீட்டாரில் ஒருவர் பெயர்கூட அந்தக் காகிதத்தில் இல்லை. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வதில், எந்தப் பெயர் ஏறியதோ அதுவே இன்றும் நிற்கிறது.

அதனால் என்ன, அனுபவத்தில் அவரவர் இடம் அவரவரிடம்தானே இருக்கிறது என்று சமவெளியில் கேட்பார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் முதலில் சிட்டாவும், நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும்தான் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரும் பிரதமர் கிசான் திட்டத்துக்கு 1.2.2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்று பார்க்கிறார்கள். வாரிசாக வந்தவருக்கு விலக்கு உண்டு என்றாலும், அந்த வாரிசு தன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியிருந்தால்தான் அது செல்லும். விவசாயிகளுக்கான தனி அடையாள எண்ணும் பட்டாவில் உள்ள பெயரை வைத்தே தருகிறார்கள். அரசு வீட்டுத் திட்டத்துக்கு மனை யாருடையது என்று காட்ட வேண்டும். சாலை அகலப்படுத்த நிலம் எடுத்தால், இழப்பீட்டை வாங்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் சுடுகாட்டில் இருக்கிறார். மண்வெட்டி பிடிக்கும் பேரனுக்கு இதில் எதிலும் இடமில்லை.

நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். மலையில் இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழப்பி, இரண்டையுமே நடக்கவிடாமல் செய்துகொண்டிருக்கிறோம். இறந்தவர் பெயரை எடுத்துவிட்டு உயிரோடிருக்கும் வாரிசுகள் எல்லோரையும் அதே கூட்டுப் பட்டாவில் சேர்ப்பது ஒரு வேலை. அதற்குச் சர்வேயர் வர வேண்டியதில்லை, ஒரு கல் நட வேண்டியதில்லை. உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல் என்று அதற்குப் பெயர். நிலத்தை அளந்து, கல் நட்டு, 3ஏ, 3பி என்று உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவது வேறு வேலை. அது நாளாகும், சண்டை வரும், மழைக்காலத்தில் நடக்கவே நடக்காது. ஆனால் விண்ணப்பிக்கப் போகிறவர் தனிப் பட்டா வேண்டும் என்றே கேட்கிறார். அலுவலகத்திலும் "அளந்துதான் தர முடியும், சர்வேயர் வரும்போது சொல்கிறோம்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். முதல் வேலையை முதலில் முடியுங்கள் என்று சொல்ல ஆளில்லை.

அந்த முதல் வேலையும் மலையில் லேசாக முடிவதில்லை. அதற்குக் காரணம் இறப்புப் பதிவு. இறந்த 21 நாளுக்குள் பதிந்தால் காசில்லாமல் முடியும். ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். எங்கள் வட்டத்துக்குக் கோட்டாட்சியர் இருப்பது நாமக்கல்லில். வீட்டிலேயே இறந்து, அன்றைக்கே அடக்கம் செய்து, யாரிடமும் சொல்லாமல் விட்ட சாவுகள்தான் இங்கே பழைய தலைமுறையில் அதிகம். முதலில் பதிவேட்டில் இல்லை என்ற சான்று வாங்க வேண்டும். பிறகு ஊரில் மூத்தவர்கள் வாக்குமூலம், குடும்ப அட்டையில் பெயர் நீக்கிய விவரம், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை எல்லாம் சேர்த்துக் கோட்டாட்சியருக்கு மனு. உத்தரவு வந்த பிறகுதான் இறப்புச் சான்று. அது வந்தால்தான் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றுக்கு எழுதலாம்.

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் தாத்தாக்கள் மூன்று பேர், அடுத்த தலைமுறையில் ஐந்து பேர். ஆக எட்டு இறப்புச் சான்று, எட்டு வாரிசுச் சான்று. ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வர வேண்டும். நடுவில் ஒரு படி இல்லையென்றால் மேலே ஏற முடியாது. இ-சேவை மையத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய்தான். அது பெரிய செலவில்லை. ஒவ்வொரு சான்றுக்கும் நாலு நடை, ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மிகப் பழைய சாவு என்றால் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி மனுவைத் திருப்பிவிடுவதும் உண்டு.

பெயர்க் குழப்பம் தனி. பெயரன் என்பதால்தானே பேரன்? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கமும்கூட. பட்டாவில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் எழுதியவர் காதில் விழுந்த பெயர். தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்றில் 'சி', இன்னொன்றில் 'சின்'. இருவரும் ஒருவரே என்று ஒரு சான்று வாங்கி வைத்துக்கொள்ளாமல் எந்த மனுவையும் போடாதீர்கள் என்பதே நாங்கள் எங்கள் மக்களுக்குச் சொல்வது. கடைசி நேரத்தில் மனு தள்ளுபடியாவது பெரும்பாலும் இந்த ஓரெழுத்தால்தான்.

பெண்கள் பங்கைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசியாக வேண்டும். நாங்கள் மலையாளி பழங்குடியினர். கேரளத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள் பெரியவர்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு அறிவிக்கை செய்யாத வரை பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் 2(2) பிரிவு சொல்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு, பெண் பிள்ளைகள் பெயரை வாரிசுப் பட்டியலிலேயே விட்டுவிடுகிறார்கள். இது நியாயமும் இல்லை, இனிமேல் நிற்கவும் நிற்காது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த விலக்கை மறுபரிசீலனை செய்யும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜூலையில், சத்தீஸ்கரைச் சேர்ந்த கோண்டு பழங்குடிப் பெண் ஒருவரின் வாரிசுகள் தொடுத்த வழக்கில், பெண்ணுக்குப் பங்கில்லை என்று ஒரு வழக்கம் இருப்பதை நிரூபிக்காத நிலையில் பங்கை மறுப்பது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே அக்கா தங்கைகளை ஒதுக்கிவிட்டு எழுதும் எந்தப் பாகப்பிரிவினையும் பிற்பாடு வழக்கில்தான் முடியும். அவர்களுக்குப் பங்கு கொடுங்கள். வேண்டாம் என்று அவர்களே மனமார விட்டுக்கொடுத்தால், அதைப் பதிவு செய்த விடுதலைப் பத்திரமாக வாங்குங்கள். வாய்ச்சொல்லும் வெள்ளைத்தாள் எழுத்தும் உதவாது.

இனி அளவை. சமவெளியில் அளக்கிற மாதிரி மலையில் அளந்தால் நிலம் காணாமல் போகும். இது பலருக்குப் புரியாததால்தான் பங்காளிச் சண்டை அரிவாள்வரை போகிறது. புலப்படத்தில் உள்ள நீளம், அகலம், பரப்பு எல்லாமே கிடைமட்ட அளவு. சரிவின்மேல் டேப்பைப் படுக்கவைத்து இழுத்தால் கிடைப்பது சரிவின் நீளம். 20 டிகிரி சரிவில், படத்தில் 100 மீட்டர் என்று இருப்பதைத் தரையில் 106 மீட்டருக்கு மேல் அளந்தால்தான் சரியான இடத்துக்குப் போய்ச் சேரும். 30 டிகிரி என்றால் 115 மீட்டருக்கும் மேல். சரிவிலேயே டேப்பைப் போட்டு 100 மீட்டரில் கல்லை நட்டுவிட்டால், 20 டிகிரி சரிவில் கிடைமட்டமாக 6 மீட்டர் குறையும். நிலத்தின் அகலம் 50 மீட்டர் என்றால் 300 சதுர மீட்டர், அதாவது 7 சென்ட்டுக்கு மேல் போய்விடும். கீழ்க்காட்டுக்காரன் எல்லையைத் தள்ளிவிட்டான் என்று மேல்காட்டுக்காரர் சொல்வது பல இடங்களில் இந்த 7 சென்ட்டைத்தான். யாரும் எதையும் தள்ளவில்லை, டேப்பைப் பிடித்த விதம்தான் தப்பு.

சரியாக அளக்க டேப்பை மட்டமாகப் பிடித்து, துண்டு துண்டாக, தூக்குக்குண்டு விட்டு இறங்க வேண்டும். 20 டிகிரி சரிவில் 10 மீட்டர் டேப்பை மட்டமாக இழுத்தால் கீழ்முனை தரையிலிருந்து 3.6 மீட்டர் உயரத்தில் நிற்கும், யார் கைக்கும் எட்டாது. 5 மீட்டர் துண்டானால் 1.8 மீட்டர், ஓர் ஆள் தலை உயரம், பிடிக்கலாம். 30 டிகிரியில் 3 மீட்டர் துண்டுக்கு மேல் முடியாது. 100 மீட்டர் கோட்டை இறக்க 20 டிகிரியில் 20 முறை, 30 டிகிரியில் 33 முறைக்கு மேல் குண்டு விட வேண்டும். இதற்கு ஒரு சர்வேயரும் குறைந்தது இரண்டு உதவியாளரும் பொறுமையும் வேண்டும். காலையில் பஸ்ஸில் வந்து மாலையில் திரும்பிவிட நினைக்கும் ஒருவரால் இது ஆகாது.

இப்போது செயற்கைக்கோள் கருவி இருக்கிறதே என்பார்கள். சில்வர் ஓக்கும் பலாவும் குடை பிடித்தாற்போல நிற்கும் மிளகுத் தோட்டத்துக்குள் அந்தக் கருவிக்கு வானம் தெரியாது. காட்டுகிற இடம் தாவிக்கொண்டே இருக்கும். நிலையான தளத்திலிருந்து இணையம் வழியே திருத்தம் வாங்கும் வகை என்றால், செல்போன் சிக்னல் இல்லாத குக்கிராமத்தில் அதுவும் நிற்காது. திறந்த பாறைமேலோ பள்ளி மைதானத்திலோ இரண்டு புள்ளிகளைக் கருவியால் நிலைநிறுத்திவிட்டு, அங்கிருந்து தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் தோட்டத்துக்குள் இறங்குவதே சரியான வழி. டோட்டல் ஸ்டேஷன் சரிவு நீளத்தைத் தானே கிடைமட்டமாக மாற்றிக் கொடுத்துவிடும்.

பழைய எல்லைக்கல்லைக் கண்டுபிடிப்பது அடுத்த பாடு. பாதி மண்ணில் புதைந்திருக்கும், மீதி யாரோ ஒருவர் வீட்டுப் படிக்கட்டில் இருக்கும். நான்கெல்லை எழுதும்போது 'வடக்கே ஓடை' என்று எழுதிவிடுகிறார்கள். பெருமழைக்குப் பிறகு ஓடை இருபதடி தள்ளி ஓடுகிறது. அசையாத பாறையிலிருந்து இத்தனை மீட்டர், இந்தத் திசை என்று எழுதி வைப்பது ஒன்றே வழி.

எந்தத் திசையில் பிரிப்பது என்பதை எந்த அலுவலகமும் சொல்லித் தராது. ஆனால் குடும்பத்தின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது. அந்த 4 ஏக்கரை 100 மீட்டர் அகலம், மேலிருந்து கீழே 162 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே வண்டிப்பாதை, கீழே ஓடை. குறுக்கே வெட்டினால் மேல்பாகத்துக்காரருக்குப் பாதையும் சரளை மண்ணும், அடிப்பாகத்துக்காரருக்குத் தண்ணீரும் வண்டலும். அடிப்பாகத்துக்காரர் மரவள்ளி மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் காட்டைத் தாண்டி மேலே வர வேண்டும். மேலிருந்து கீழாக வெட்டினால் எல்லோருக்கும் பாதையும் ஓடையும் கிடைக்கும். ஆனால் 11 துண்டு போட்டால் ஒரு துண்டு 9 மீட்டர் அகலம்தான், முப்பது அடிகூட இல்லை. பத்தடிக்கு ஒரு மரம் வைத்தால் மூன்று வரிசை மிளகு. பக்கத்துக்காரர் சில்வர் ஓக் நிழல் பாதியை மூடிவிடும். போதாக்குறைக்கு நீளவாக்கில் ஏர் ஓட்டினால் உழவுச்சால் சரிவோடு இறங்கும், மண் ஓடைக்குப் போகும்.

எங்கள் யோசனை இது. மேலிருந்து கீழாக மூன்று பட்டை மட்டும், தாத்தா ஒருவர் வழிக்கு ஒன்று, தலைக்கு 33 மீட்டர். அந்தந்த வழியில் உள்ளவர்கள் அந்த உட்பிரிவுக்குள் கூட்டுப் பட்டாவாகவே இருக்கட்டும், உயிரோடிருப்பவர் பெயர்களோடு. கடனுக்கும் அடையாள எண்ணுக்கும் அந்தப் பெயர் முதலில் போதும். உள்ளே கல்வரப்பைச் சரிவுக்குக் குறுக்காகப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு படிக்கட்டு நிலமாக அனுபவிக்கலாம், மண்ணும் நிற்கும். பத்திரத்தில் நாலு விஷயம் விட்டுப்போகக் கூடாது. பொதுப்பாதை எத்தனை அடி, எந்தப் பக்கம் என்பது. தலைச்சுமைக்கு மூன்றடி போதும். பிக்அப் வண்டி வர வேண்டுமென்றால் பன்னிரண்டடி விட வேண்டும். ஊற்று யார் பாகத்தில் விழுந்தாலும் அது பொது, இன்னாருக்கு இன்ன நாள் முறை என்பது. ஊற்றிலிருந்து ஓஸ் போகும் வழி என்பது. நாலாவது, பலா மரம். நிலம் ஒருவருடையது, அதில் நிற்கும் மரத்தின் காய் இன்னொருவருடையது என்ற ஏற்பாடு சில குடும்பங்களில் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டுவிட்டு, மரம் பட்டுப்போன பிறகு கட்டை யாருக்கு என்று அடித்துக்கொள்கிறார்கள்.

பதிவுச் செலவைக் கண்டு பயப்பட வேண்டாம். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை பாகத்தின் மதிப்பில் ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம். உச்சவரம்பு முறையே 40,000, 10,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் உயர்த்தினார்கள் என்றாலும், எங்கள் மலை நிலத்தின் வழிகாட்டி மதிப்புக்கு (பதிவுக்காக அரசு வைக்கும் மதிப்பு) அந்த உச்சவரம்பு எட்டாத தூரம்.

இதையெல்லாம் இப்போதே செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் அறிகுறி தெரிகிறது. பட்டா பிரியாத நிலத்தில் ஒரு வாரிசுக்குப் பணமுடை. கீழேயிருந்து வந்த ஒருவர் அவருடைய 'பிரிபடாத பாகத்தை' எழுதி வாங்குகிறார். சட்டப்படி கூட்டுரிமையாளர் தன் பங்கை விற்கலாம், அதைத் தடுக்க முடியாது. ஆனால் வாங்கியவர் பாதையோரமாகப் பார்த்துக் கம்பிவேலி போடுகிறார். மீதிப் பத்து வீட்டுக்கும் பாதை போயிற்று. ஆந்திரத்தில் பழங்குடிப் பகுதி நிலத்தைப் பழங்குடி அல்லாதவருக்கு மாற்றத் தடை இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லாததால் அப்படியொரு காப்பு எங்களுக்கு இல்லை. அரசு நிபந்தனையோடு வழங்கிய நிபந்தனைப் பட்டா நிலத்தை நிபந்தனை மீறி விற்றால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதோடு சரி. அதையும் மறைத்து விற்கிறார்கள், வாங்குபவரும் ஏமாறுகிறார். பாகம் பிரித்து, பாதையைப் பொதுவென்று எழுதிப் பதிந்த நிலத்தில் இந்த வேலி ஏறாது.

அரசிடம் நாங்கள் கேட்பது புதிய சட்டமல்ல. கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. ஜனவரி 26 சபையில் அந்தந்த ஊராட்சியின் பட்டாதாரர் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலர் வாய்விட்டுப் படிக்கட்டும். இன்னார் உயிரோடில்லை, இன்னார் வாரிசு என்று ஊரே சொல்லும். ஆட்சேபம் இருந்தால் அங்கேயே எழுந்துவிடும். அந்தக் குறிப்பை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு, பிப்ரவரியில் கோட்டாட்சியர் மலைமேலுள்ள செம்மேட்டில் மூன்று நாள் உட்கார்ந்தால் பழைய இறப்புகளுக்கெல்லாம் உத்தரவு போட்டுவிடலாம். வாரிசுச் சான்றும் பெயர் மாற்றமும் வருகிற ஜமாபந்திக்குள், அதாவது ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குச் சரிபார்ப்புக்குள், முடியும். அளவையைப் பிப்ரவரியிலிருந்து மே வரை மட்டும் வையுங்கள். அப்போதுதான் புதர் காய்ந்து கல் தெரியும், பனி இருக்காது. சர்வேயர்கள் தினமும் மலையிறங்காமல் இங்கேயே தங்க ஓர் இடம் கொடுங்கள். உதவியாளராக எங்கள் இளைஞர்களையே கூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாறையும் ஓடையும் அவர்களுக்குத் தெரியும். மலையிறங்க முடியாத முதியவர்களின் கையெழுத்துக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிய பதிவுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இடம் தருகிறது. அதைக் கொல்லிமலையில் ஒரு முறையாவது பயன்படுத்துங்கள்.

கல்வராயன், ஜவ்வாது, பச்சைமலை, சேர்வராயன் மலைகளிலும் எங்கள் சொந்தபந்தங்களே இருக்கிறார்கள். அங்கும் சிட்டாவில் இதே கதைதான். கொல்லிமலையில் ஒரு நாட்டை எடுத்துச் செய்து பார்த்தால், எத்தனை நாளாகும், எத்தனை சர்வேயர் வேண்டும் என்ற கணக்கு அந்த மலைகளுக்கும் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
கொல்லிமலை வாசகர்கள்,
நாமக்கல் மாவட்டம்.